வசந்தாமணி பெயரில் வந்த சீட்டு

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, எங்கள் ஊஞ்சக்காட்டுவலசு பால் சொசைட்டியில் இருக்கிற டெஸ்ட் மிஷின், பாலில் கொழுப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு, ஊற்றிய தண்ணீர் எவ்வளவு என்று சீட்டு அடிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பாலைக் கறந்த ஆளின் மூளைக்குள் செரட்டோனின் எவ்வளவு, டோபமின் எவ்வளவு, நாரட்ரினலின் எவ்வளவு என்று அடிக்க ஆரம்பித்தது. நான்தான் அங்கே டெஸ்டர், பெயர் அர்த்தநாரி, இருபத்திரண்டு வருடமாகப் பாலை அளக்கிறவன். முதல் சீட்டைப் பார்த்ததும், போன மாதம் சர்வீஸுக்கு வந்தவன் எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். செக்ரட்டரி நல்லசிவமும் அப்படித்தான் நினைத்தார். வரிசையில் நின்ற நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் சீட்டை வாங்கி இடுப்பிலும் சட்டைப் பையிலும் சொருகிக்கொண்டு, காலி கேனை ஆட்டியபடி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் வரைக்கும் அது மாட்டுக்கான கணக்கு என்றே இருந்தோம். செரட்டோனின் குறைந்த மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றினார்கள், டோபமின் குறைந்த மாட்டுக்குத் தாது உப்புக் கட்டியைத் தொங்கவிட்டார்கள், நாரட்ரினலின் ஏறிய மாட்டுக்கு மிளகாயைச் சுற்றிப் போட்டார்கள். எதற்கும் எண் அசையவில்லை. கடைசியில் உண்மை வெளியே வந்தது நல்லசிவம் வீட்டில்தான். அதே மாடு, அதே தவிடு, அதே சொம்பு. அவர் பெண்டாட்டி கறந்தால் ஏழரை, அவர் கறந்தால் மூன்றே கால். மாடு ஒன்றாக இருக்கும்போது கைதானே வேறு என்று வரிசையில் யாரோ சொல்ல, நல்லசிவம் அன்றைக்கு ரிஜிஸ்டரில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

சினை ஊசி போட வியாழக்கிழமைகளில் வருகிற கால்நடை டாக்டர் ஜெபமணி, சீட்டைப் பைக் சீட்டின் மேல் விரித்து வைத்துப் படித்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். மூளைக்குள் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல விடுகிற சாறுகள் இவை என்றார். "பெரிய ஆஸ்பத்திரியில முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுப்பாங்க, தலையை மிஷினுக்குள்ள விட்டுப் படம் புடிப்பாங்க. அப்பவும் மூளையில இவ்வளவுதான் இருக்குன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ரத்தத்துல இருக்கறது வேற, மூளையில இருக்கறது வேற. உங்க ஊர்ல மட்டும் ஒரு கரண்டிப் பால்ல வருது" என்றார். அவருக்கும் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை, அடுத்த வீட்டு மாடு பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டிருந்தது, போய்விட்டார். பிறகு சென்னையில் இருந்து ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்து மிஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அங்கே அது கொழுப்பையும் தண்ணீரையும் சொல்லிக்கொண்டு ஒழுங்காக இருந்ததாம். திரும்பக் கொண்டுவந்து வைத்த அன்றே மறுபடியும் எங்கள் மூளையை அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள், நாங்கள் வரிசையில் நின்றோம்.

எங்கள் ஊர் எதையும் சட்டென்று பழகிக்கொள்ளும். புரட்டாசி பிறப்பதற்குள், பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு ஒரு மாதச் சீட்டையும் கேட்டார்கள்; வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் இரண்டு பக்கத்துக்காரர்களின் நாரட்ரினலினையும் பார்த்து, கம்மியாக இருக்கிறவனுக்கு முதல் முறை என்று தீர்ப்பானது; மாமியார்கள் மருமகளைக் காப்பி குடித்து முடிந்த பிறகுதான் கறக்க விட்டார்கள்; மகனோடு சண்டை போட்ட அன்று காலையில் அப்பன் கறப்பதில்லை; மாரியம்மன் பூசாரியின் டோபமின் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஏறியதை மைக்கில் சொன்னார்கள்; கடுப்பாக இருக்கிற ஆளைப் பார்த்து "உனக்கு நார் ஏறிப்போச்சு" என்பது குழந்தைகள் வாயில்கூடப் புழங்கியது; யாரும் யாரையும் பார்த்து "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு "எவ்வளவு காட்டுது" என்று கேட்டார்கள். டவுனில் இருக்கிற டாக்டர்கள்கூட எங்கள் ஊர்க்காரன் என்று தெரிந்தால் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் சீட்டை நீட்டச் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமைதான். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணிப் பாலைக் கண்டுபிடிக்கிறவன் என்று என்னை முறைத்த ஊர், இப்போது என் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஒன்றை மட்டும் யாரும் மாற்றவில்லை. சொசைட்டியின் பழைய சட்டப்படி, முதல் எண் மூன்றுக்குக் கீழே வந்தால் மிஷினில் சிவப்பு விளக்கு எரியும், அந்தப் பாலைத் திருப்பிவிட வேண்டும். தண்ணிப் பாலுக்குப் போட்ட சட்டம் அது. திருப்பிவிட்ட கேனை எடுத்துக்கொண்டு மொத்த வரிசையையும் தாண்டி நடந்து போவதைவிட ஒரு குடும்பத்துக்கு வேறு அவமானம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஐப்பசி பதினான்காம் தேதி சிவப்பு விளக்கு எரிந்தது என் மனைவி வசந்தாமணியின் பாலுக்கு.

ஒன்று புள்ளி ஒன்பது. மிஷின் மூக்கைக் கழுவிவிட்டு மறுபடியும் வைத்தேன், ஒன்று புள்ளி ஒன்பது. வசந்தாமணி கேனைப் பிடித்துக்கொண்டு, வெளியாளிடம் கேட்பது மாதிரி, "ஊத்திக்கலாமுங்களா?" என்றாள். எனக்குப் பின்னால் நல்லசிவம் இருந்தார், அவளுக்குப் பின்னால் ஊர் இருந்தது. "திருப்பி எடுத்துட்டுப் போ புள்ள" என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போனாள். எவன் பாலை வேண்டுமானாலும் திருப்பிவிடலாம், சொந்தப் பெண்டாட்டியின் பாலைத் திருப்பிவிட்ட அன்றைக்குத்தான் என் வேலை எவ்வளவு கேவலமானது என்று எனக்குத் தெரிந்தது.

தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது, அவள் எண் வாரா வாரம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நான்கைந்து மாதமாகவே அவள் வாசல் கூட்டும்போது பாதியில் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிடுவாள், கூட்டியது ஒரு பக்கம், கூட்டாதது ஒரு பக்கம், நடுவில் அவள். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள், அல்லது போடவே மாட்டாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து மகள் போன் செய்தால் "நல்லா இருக்கறன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வீடு இருந்தது, மகள் நன்றாகப் படித்தாள், நான் குடிக்கிறவன் இல்லை, மாமியார் கிடையாது. ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை. எண் குறைந்ததற்கு ஒரு காரணம் கேட்டு ஒவ்வொருத்தராக வீட்டுக்கு வந்தார்கள், அவளிடம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. "ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள். "ஒண்ணுமில்லாமயா ஒண்ணு புள்ளி ஒம்போது காட்டும்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

டவுனில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். வேலை செய்ய மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்தவே கூடாது, மாதா மாதம் வரவேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் கம்பி நெற்றியில் இடித்தது, அவள் எடுக்கவில்லை.

இதற்கிடையில் அவள் பால் தினமும் திரும்பி வந்தது. அப்போதுதான் ருக்குமணியக்கா வந்தாள். எங்கள் வீதியின் முதல் வீடு அவளுடையது. போன பங்குனியில் புருஷன் செத்துப்போக, இரண்டு ஜெர்சி மாட்டை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள். ஊரிலேயே உயர்ந்த சீட்டு அவளுடையது. எட்டு புள்ளி நாலு, ஒரு நாளும் ஏறாமல் ஒரு நாளும் இறங்காமல் எட்டு புள்ளி நாலு. புருஷன் போய் ஆறு மாதத்தில் இப்படி ஒரு மனசா என்று சிலர் வாயைக் கோணினாலும், தங்கள் மகள்களைக் கட்டிக்கொடுக்கும்போது எல்லோரும் அவளிடம்தான் தாலியைத் தொட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், விதவை என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. எட்டு புள்ளி நாலுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்றன் கேளு" என்றாள். "அவ கேனுல என்ற பால் ஒரு சொம்பு ஊத்தி உடறன். முந்தி தண்ணிப் பாலுக்கு எருமைப் பாலைக் கலந்து டிகிரி தூக்கி உடுவமே, அது மாதிரித்தான். இதுல ஆருக்குக் கெடுதி?"

அந்தப் பழைய தில்லுமுல்லு எனக்குத் தெரியும். மெலிந்த பாலில் அடுத்த வீட்டு எருமைப் பாலைக் கலந்து மிஷினை ஏமாற்றுவது எங்கள் ஊரில் அக்கம்பக்கத்து உதவிகளில் ஒன்று, அவசரத்துக்கு உப்பு கொடுப்பது மாதிரி. டெஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும், இருபத்திரண்டு வருடமாக அதற்கும் சேர்த்துத்தான் என்னை வைத்திருந்தார்கள். "நான் ஒண்ணும் பாக்கலீங்க்கா" என்றேன்.

அடுத்த நாள் வசந்தாமணி நான்கு புள்ளி ஒன்று. விளக்கு பச்சை. வரிசையில் ஒரு பெருமூச்சு கிளம்பியது, எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் வீதியே முறை போட்டுக்கொண்டது. திங்கள் இன்னார், செவ்வாய் இன்னார் என்று ஆளுக்கொரு சொம்பு, அதோடு தினமும் ருக்குமணியக்காவின் சொம்பு ஒன்று. வசந்தாமணி தன் கேனைத் தூக்கிக்கொண்டு வீதி வழியாக வருவாள், அன்றைய முறைக்காரர்களின் வாசலில் எல்லாம் மூடியைத் திறந்து நிற்பாள், அவரவர் சந்தோஷத்தில் ஒரு பங்கை அதில் ஊற்றுவார்கள். ஐந்து, ஐந்தரை, ஆறு. எங்கள் ஊரைப்போல ஒரு ஊர் உண்டா என்று நான் அந்த நாட்களில் நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபமெல்லாம் என் மேல்தான்.

ஏனென்றால் நம்பினது நான். என் கண் முன்னால் கலந்த பாலை என் கையால் அளந்து, வந்த எண்ணைப் பார்த்து, வசந்தாமணி தேறிவிட்டாள் என்று நம்பினேன். மார்கழியில் சீட்டு ஆறைத் தாண்டியதும், டவுன் டாக்டரிடம் போகிற நாள் வந்தது. மாத்திரை போட்டால் வாய் காய்கிறது, கறக்கும்போது கை நடுங்குகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "சீட்டுத்தான் நல்லா இருக்குதே, இன்னியும் எதுக்குப் புள்ள மாத்திரை" என்று சொல்லி நான்தான் நிறுத்தினேன்.

"அந்தச் சீட்டு என்னுது இல்லீங்களே மாமா" என்றாள்.

"உன்ற பேருதானே போட்டிருக்குது."

அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போதும், நான் சீட்டைப் பார்த்தேன். வீடு கூட்டுவதை அடியோடு விட்டிருந்தாள், தலை வாருவதில்லை, சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வந்து கேட்பதும் நின்றுபோயிருந்தது. ஆறு புள்ளி இரண்டு காட்டுகிறவளிடம் போய் என்ன கேட்பது?

தை மாதம் வந்தது. இருபதாம் தேதி நல்ல முகூர்த்தம், பக்கத்து ஊரில் பெரிய கல்யாணம், வீதியில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே பாலைக் கறந்து ஊற்றிவிட்டு வேனில் கிளம்பிப் போய்விட்டார்கள். வசந்தாமணி வழக்கம்போல ஆறரைக்கு வந்தாள். மிஷின் அடித்தது எட்டு புள்ளி நாலு. "எட்டு புள்ளி நாலு!" என்று நான் கத்தியே விட்டேன். மிச்சமிருந்த பத்துப் பேர் கை தட்டினார்கள். நல்லசிவம் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். வசந்தாமணி சீட்டை வாங்கிப் பார்த்தாள், நாலாக மடித்தாள், என் மேஜை மேலேயே வைத்துவிட்டுக் காலி கேனோடு போனாள். சந்தோஷத்தில் அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு டேங்கர் போன பிறகு, ஆபீஸ் நகல்களை எடுத்துக் கம்பியில் குத்த ஆரம்பித்தேன். ருக்குமணியக்காவின் நகலும் வசந்தாமணியின் நகலும் அடுத்தடுத்து வந்தன. செரட்டோனின் எட்டு புள்ளி நாலு, எட்டு புள்ளி நாலு. டோபமின் ஏழு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஒன்று. நாரட்ரினலின் ஐந்து புள்ளி ஆறு, ஐந்து புள்ளி ஆறு. இன்றைக்கு முறை உள்ளவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், ருக்குமணியக்கா மட்டும்தான் ஊற்றியிருக்க வேண்டும், சரி. ஆனால் ஒரே ஆள் ஒரே மாட்டைக் காலையிலும் மாலையிலும் கறந்தாலே மூன்று வரியும் ஒத்துப்போகாது, வேறு பால் ஒரு சொட்டுக் கலந்தாலும் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண்ணாவது அசையும் என்பது பால் அளக்கிற எவனுக்கும் தெரியும். மூன்றும் அப்படியே இருக்கிறதென்றால் இரண்டும் ஒரே பால். என் மனைவியின் பெயரில் வந்த சீட்டில் என் மனைவியின் பால் ஒரு சொட்டும் இல்லை.

மொபெட்டை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. கட்டுத்தறியில் கன்றுக்குட்டி கயிறு இல்லாமல் தாயிடம் பால் குடித்துக்கொண்டு நின்றது. கொழுகொழுவென்று இருந்தது. எத்தனை நாளாக இப்படிக் கொழுத்தது, ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூட நான் எப்படிப் பார்க்கவில்லை? பிறகு ஒவ்வொருத்தராகக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒன்பது நாளாக அவள் கறக்கவே இல்லை. கன்றை அவிழ்த்துவிட்டுவிட்டு, காலிக் கேனை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்திருக்கிறாள். முதல் வாசலில் ருக்குமணியக்கா காலிக் கேனைப் பார்த்து, பாவம், கேட்டால் சங்கடப்படுவாள் என்று கேட்காமல் நாலு சொம்பாக ஊற்றியிருக்கிறாள். அடுத்த வாசல்காரி கேனில் பால் இருப்பதைப் பார்த்து அது வசந்தாமணி கறந்தது என்று நினைத்திருக்கிறாள். கடைசி வாசல் வரைக்கும் இப்படியே. யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வீட்டில் அவள் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே காட்டுக்குள் ஓடினேன். மஞ்சள் காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் கிணறு, பழைய காலத்துக் கல் கட்டுக் கிணறு, ஐம்பது படி. எட்டிப் பார்த்தேன். கீழே, தண்ணீருக்குள் மூழ்கியிருந்த படி ஒன்றில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். "வசந்தா" என்றேன். நிமிரவில்லை. அடுத்த படி கிடையாது, அதற்கப்புறம் ஆழம்தான்.

நான் போட்ட கூச்சலில் காட்டு வேலையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள், அந்த நேரம் பார்த்துக் கல்யாண வேனும் வந்து நின்றது. பட்டுச்சேலையும் கையில் மஞ்சள் தாம்பூலப் பையுமாகக் கிணற்று மேட்டைச் சுற்றி ஊரே நின்றது. நான் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன், வேகமாக இறங்கினால் அவள் நகர்ந்துவிடுவாளோ என்று பயம். மேலே இருந்து அவர்கள் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் தெரியுமா? "வசந்தா, இன்னைக்கு எட்டே நாலு கண்ணு! ஊருலயே நீதான் எச்சு! மேல வந்துரு சாமி!" நான் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த நல்லசிவம் என் மேஜையில் இருந்த சீட்டையே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மடிப்பைப் பிரித்து, கிணற்றுக்குள் அவளுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "விழுகறதுக்குக்கூடத் தெம்பு வரலீங்க மாமா. காத்தால இருந்து உக்காந்திருக்கறன்" என்றாள். "எனக்கு எவ்வளவுங்க காட்டும்? எனக்கு மட்டும்?" என்று கேட்டாள்.

"தெரியல புள்ள" என்றேன். "மூணு மாசமா உன்னைய நான் அளக்கவே இல்ல."

பிறகு மேலே பார்த்துக் கத்தினேன். இத்தனை வருடத்தில் ஊரைப் பார்த்து நான் கத்தியது அது ஒரு தடவைதான். "அந்தச் சீட்டு பொய்யி! அது இவ பாலு இல்ல, உங்க பாலு! கலந்தது தெரிஞ்சும் அளந்தவன் நானு! மாத்தரைய நிறுத்துனவனும் நானு!" கல்லில் மோதி என் குரல் எனக்கே திரும்பி வந்தது. நல்லசிவம் சீட்டைக் கீழே இறக்கினார்.

அப்போது யாரோ படி இறங்குகிற சத்தம் கேட்டது. ருக்குமணியக்கா. ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி, சுவரைப் பிடித்துப் பிடித்து ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். வேண்டாம்க்கா என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கவில்லை. என்னைத் தாண்டி, தண்ணீருக்குள் சேலையோடு இறங்கி, வசந்தாமணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது என்ற பாலும் இல்ல கண்ணு" என்றாள். "மிஷினு. கறவை மிஷினு. போன சித்திரையில மவன் வாங்கி அனுப்பிச்சான். என்ற ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் எனக்கு மாட்டு மடியில கை வெச்சா கை வர மாட்டேங்குது. மாட்டுச் சாளைக் கதவைச் சாத்திப்போட்டு மிஷினை மாட்டி உட்டுட்டு மூலையில உக்காந்துக்குவன். அந்தச் சத்தத்த நீங்கல்லாம் தண்ணி மோட்டார்னு நெனச்சுக்கிட்டீங்க. அதுக்கு என்ன சந்தோசமோ, தெனமும் எட்டே நாலு காட்டுது. தாலி தொட்டுக் குடுக்கக் கூப்பிட்டீங்க, நானும் வந்தன். எப்புடிச் சொல்றது?" அவள் வசந்தாமணி பக்கம் குனிந்தாள். "எனக்கு எவ்வளவு காட்டும்னு எனக்கே தெரியாது வசந்தா. ஒண்ணுகூட வராது."

மேலே நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் கை தட்டிய சந்தோஷம் ஒரு மோட்டாருடையது என்றால் யார் முகத்தை யார் பார்ப்பது?

ருக்குமணியக்கா இன்னும் ஒரு எட்டு எடுத்து வைத்தாள், பாசியில் கால் வழுக்கியது. நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இல்லை. வசந்தாமணி பிடித்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சுவரோடு சாய்த்து, "பாசிங்க்கா, பாத்து" என்றாள். இழுத்ததில் வசந்தாமணியின் வளையல் உடைந்து இரண்டு பேர் கையிலும் ரத்தம். பிறகு ருக்குமணியக்காவால் தனியாக ஏற முடியவில்லை என்பதால், ஒரு பக்கம் நானும் மறு பக்கம் வசந்தாமணியும் தாங்கிக்கொண்டு ஐம்பது படியும் ஏறினோம். நடுவில் மூன்று தடவை உட்கார்ந்தோம். வசந்தாமணியை நான் மேலே கொண்டு வந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள், அது அப்படி இல்லை.

ஈரச் சேலையோடே, கல்யாண வேனிலேயே, டவுனுக்குப் போனோம். காலை பதினொரு மணி. மாதா மாதம் வரச் சொன்ன அதே டாக்டர். எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்த பழக்கத்தில் தலை நிமிராமலேயே கையை நீட்டினார், சீட்டுக்கு. "இல்லீங்க" என்றேன்.

"சீட்டு இல்லாம எப்படிங்க? போன தடவையே வரல. இப்ப எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தான மருந்து எழுத முடியும்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வசந்தாமணி என் கையைத் தள்ளிவிட்டு ஸ்டூலை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலையில் இருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

"இந்த நிமிசமும் செத்துப்போகோணும்னுதானுங்க இருக்குது" என்றாள். "எழுதிக்குங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.